ஓட்டை போடாத பேனர்

"என் வேலையையெல்லாம் குப்பையில போட்டுட்டு, போட்டோ கேட்டா முறைக்கிறீங்களே அண்ணாச்சி!"

மந்தாரக்குப்பம் ஃபர்னிச்சர் கடை வெள்ளைச்சாமியிடம் அருள் எகிறிக்கொண்டிருந்தான்.

"கழட்டியாச்சு. அதுக்கு என்ன இப்ப?" என்றார் அவர், சோபாவில் தூசி தட்டியபடி.

அருள் பேனர் டிசைனர். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனி அவனை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. இதுவரை செய்த விளம்பரங்களை, கட்டின இடத்தில் எடுத்த படங்களோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கைநழுவ விடக்கூடாத வேலை.

காலையிலிருந்து பழைய ஃபைல்களைத் திறந்து பார்த்தான். டியூஷன் சென்டர், முந்திரிக் கடை, காதுகுத்து. எல்லாம் அவசரத்தில் அள்ளித் தெளித்தவை. மனசு வைத்துச் செய்தது வெள்ளைச்சாமிக்கு மட்டும்தான். வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் ஏழெட்டு அடிக்கச் சொல்வார்.

ஆனால் மனுஷன் வீம்பின் மொத்த உருவம். "பெருசா அடி, கெட்டி ஷீட்டுல அடி" என்பார். காற்று போகட்டும் என்று பேனரை அங்கங்கே அரைவட்டமாகக் கிழித்து விடுவார்கள் இல்லையா, அதற்கும் விடமாட்டார். "ஓட்டை போட்டே, வாங்க மாட்டேன்!" கட்டின சூட்டோடு அவிழ்த்தும் விடுவார். அருளுக்கு வயிறு எரியும்.

"கழட்டி எங்கதான் போட்டீங்க?"

"பின்னாடி தெருக்காரங்க தூக்கிட்டுப் போனாங்க. போய்க் கேளு, ஆளை விடு."

போனான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் செவ்வந்தி தன் குடிசை வாசலில் நின்றிருந்தாள்.

"நனையாதீங்க சார், உள்ள வாங்க."

குனிந்து நுழைந்து நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

தலைக்கு மேலே, அவன் பேனரில் வரைந்த மயில் ஊஞ்சல்! கூரை முழுக்க விரிந்து கிடந்தது. வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. பாயில் கிடந்த கைக்குழந்தை மயிலைப் பார்த்துக் கைகாலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தெருவுல எல்லா வூட்லயும் இதாங்க. படம் உள்பக்கம் வர்றாப்புல கட்டிக்கினோம்" என்றாள் செவ்வந்தி.

அருளின் விளம்பரத்தை எந்த ரோட்டில் யார் இப்படி ஆசையாக அண்ணாந்து பார்த்தார்கள்? கூச்சம் பார்க்காமல் குழந்தைக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்தான். வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, சென்னைக்கு இந்தப் படம்தான் போகும்.

எழுந்தபோதுதான் அவனுக்குப் பொறி தட்டியது.

"ஓட்டை போடாதேன்னு அண்ணாச்சி கத்தினது இதுக்குத்தானா! அம்மா, இதெல்லாம் உங்களுக்காகவே அவர் அடிச்சது. தெரியுமா உங்களுக்கு?"

செவ்வந்தி பதறிப்போனாள்.

"ஐயோ, மெதுவாப் பேசுங்க சார்! எங்களுக்கு எப்பவோ தெரியும். 'இந்தக் குப்பையத் தூக்கிக்கினு போங்க'ன்னு அவரு கத்துவாரு. நாங்களும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு எடுத்தாருவோம். எங்களுக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு தெரிஞ்சா, பாவம், அந்த மனுசன் கூச்சத்துல எங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டாருங்க!"