மஞ்சள் கொடி

இருந்தது ஒரே ஒரு பாஸ். கேட்டு நின்றது மூன்று பேர்.

எங்களுடையது வண்டி உதிரிபாகம் விற்கிற கம்பெனி. ஆயில் சப்ளை பண்ணுகிறவர்கள் கார் ரேஸுக்கு ஒரு பாஸ் அனுப்பியிருந்தார்கள். வெளியே உட்கார்ந்து பார்க்கிற பாஸ் இல்லை. ரேஸ் கார்களைப் பிரித்து மாட்டுகிற கொட்டகைக்குள்ளேயே போய் நிற்கலாம். அது வந்த நாளிலிருந்து ஆபீஸில் ஒருத்தரும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை.

மேனேஜருக்கு ரேஸ் என்றால் உயிர். சேல்ஸில் இருக்கிற பிஸ்டனுக்கு அதற்கும் மேலே. எந்நேரமும் இஞ்சினைப் பற்றியே பேசிப் பேசி வாங்கிய பெயர் அது. இவர்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள் என்று தெரியும். மூன்றாவதாக ஸ்டோர்கீப்பர் வந்து பெயர் கொடுத்ததுதான் யாருக்கும் புரியவில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர்.

“உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?” என்றார் மேனேஜர்.

“சும்மாதான். ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கணும்” என்றார் அவர், கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தபடி.

கடைசியில் மேனேஜரே வழி சொன்னார். பெரிய ரேஸில் யார் முன்னால் நிற்பது என்று முடிவு பண்ண, முன்கூட்டியே தகுதிச்சுற்று வைப்பார்களாம். நாமும் அப்படியே வைப்போம். வாடகைக்குக் குட்டிக் கார் ஓட்ட விடுகிற இடத்தில் கால் மணி நேரம். எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம், எது வேகமான சுற்றோ அதுதான் கணக்கு. ஜெயித்தவர் பெயர்தான் பாஸில் ஏறும். அப்புறம் விட்டுக்கொடுக்கிறேன், கைமாற்றுகிறேன் என்று யாரும் வரக்கூடாது.

நான் கணக்குப் பிரிவு. ரேஸைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதனாலேயே என்னை நடுவராக்கி, ஒரு மஞ்சள் கொடியைக் கையில் திணித்தார்கள். யாராவது நடுவழியில் நின்றுவிட்டால் நான் அதை ஆட்ட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும், அவர்களுடைய அந்தச் சுற்று வீண். பின்னால் வருகிறவன் என்ன பாவம் பண்ணினான் என்று கேட்டேன். மேனேஜர் ஒரு விளக்கம் சொன்னார், பிஸ்டன் வேறொன்று சொன்னான். கொஞ்சநஞ்சம் புரிந்ததும் போய்விட்டது.

மூன்று வண்டிக்கும் ஒரே இஞ்சின்தான். ஆனால் மேனேஜரின் தொப்பையையும் சேர்த்தல்லவா அது இழுக்க வேண்டும்? ஸ்டோர்கீப்பர் ஆள் ஒல்லி. நாள் முழுக்கக் கிடங்குச் சந்துகளில் தூக்குவண்டி ஓட்டிப் பழகிய கை வேறு. யாரும் எதிர்பாராமல், சுற்று நேரம் காட்டுகிற போர்டில் அவர் பெயர் மேலே போய் உட்கார்ந்தது. நூலிழையில் பிஸ்டன் இரண்டாவது.

கடைசிச் சுற்று. பிஸ்டன் பறந்து வந்தான். பாதி தூரத்திலேயே ஸ்டோர்கீப்பரைவிட வேகம் என்று போர்டு பச்சை காட்டியது. அவனை ஒட்டி வந்த மேனேஜருக்கும் பச்சை. ஸ்டோர்கீப்பர் தன் சுற்றுகளை முடித்துவிட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

கடைசி வளைவில், சரியாக என் எதிரே, பிஸ்டனின் வண்டி இருந்த இடத்திலேயே சுழன்று குறுக்கே நின்றது. நான் கொடியை ஆட்டினேன். மேனேஜர் பிரேக்கை மிதித்தார். நேரம் முடிந்தது.

“அக்கா, ஸ்டோர் சார் டைம் அப்படியே நிக்குதா?” என்று கேட்டான் பிஸ்டன். தோற்ற வயிற்றெரிச்சலில் கேட்கிறான் என்று நினைத்து, ஆமாம் என்றேன்.

மேனேஜர் குதித்துக்கொண்டு வந்தார். இது பழைய தில்லுமுல்லாம். முதலில் இருக்கிறவன் கடைசி நேரத்தில் வேண்டுமென்றே வழியை மறித்து நின்றுவிட்டால், அவன் நேரத்தை யாரும் முந்த முடியாதாம்.

“ஆனா நீ ரெண்டாவதுடா. உனக்கு இதுல என்ன லாபம்?”

பிஸ்டன் தலையைச் சொறிந்தான். “நான்தான் முதல்ல இருக்கேன்னு நினைச்சுட்டேன் சார். போர்டைத் தப்பாப் பார்த்துட்டேன்.”

போதாதா? ஏமாற்றவும் பார்த்தான், அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை என்று ஆபீஸே சிரித்தது. ரேஸைப் பற்றி அவன் வாயைத் திறந்தாலே, முதலில் போர்டைப் படிக்கக் கற்றுக்கொள் என்றார்கள். எனக்கும் கோபம்தான். இவனா இப்படி என்று இரண்டு நாள் பேசவே இல்லை.

பெரிய ரேஸ் முடிந்த மறுநாள் ஸ்டோர்கீப்பர் என் மேஜைக்கு வந்து போனை நீட்டினார். ஒரு போட்டோ. ரேஸ் கொட்டகைக்குள் இவர். பக்கத்தில், கையெல்லாம் கிரீஸோடு, டீம் சட்டை போட்ட ஒரு பெண்.

“யார் சார் இது?”

“என் மக. ரேஸ் டீம்ல மெக்கானிக். இந்த வேலைக்குப் போனா வீட்டுப் படி ஏறாதேன்னு நான்தான் சொன்னேன். ஆறு வருஷம். போன் பண்ணினாலும் எடுக்க மாட்டா.” போட்டோவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “நேத்து என்னைப் பார்த்துட்டு வேலையை விட்டு நிமிரவே இல்ல. எல்லாம் முடிஞ்சதும் வந்து, சாப்பிட்டியாப்பான்னு கேட்டா.”

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

“இதை யார்கிட்டயும் சொன்னதில்லம்மா. போன வருஷம் லோடு இறக்கும்போது பிஸ்டன்கிட்ட மட்டும் வாய்தவறிச் சொல்லிட்டேன். அவனுக்கு ஞாபகம்கூட இருக்காது. அன்னைக்கு அவன் போர்டைத் தப்பாப் பார்த்தது என் அதிர்ஷ்டம்.”

வண்டி நின்றதும் பிஸ்டன் முதலில் கேட்டது ஸ்டோர் சார் டைமைத்தான். நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே மேனேஜர் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம், பிஸ்டனைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே, அதே கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிஸ்டனும் கூடச் சேர்ந்து சிரித்தான். “என்ன சார் பண்றது, அந்தப் போர்டு மட்டும் எனக்கு இன்னும் குழப்பம்தான்.”