கங்காணி விளையாட்டு

“டீச்சர், நாளையிலருந்து என் மகனை இங்க அனுப்பப் போறதில்ல.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் பாலர் பள்ளி வாசலில் நின்று சொன்னார் தேயிலைத் தோட்டக் கங்காணி புவனேஸ்வரன்.

“என்னண்ணே ஆச்சு?” என்றாள் விக்னேஸ்வரி டீச்சர்.

“என்ன ஆச்சா? கம்போங் ராஜா டவுன்ல என் மச்சான் மக, இவன் வயசுதான், மூணு மொழியில பேர் எழுதுது. இவனுக்குப் பென்சில் பிடிக்கத் தெரியல. நாள் முழுக்க விளையாட்டு! கேட்டா, பிள்ளை போற வழியில நாம போகணும்னு சொல்றீங்க. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்ன வழி தெரியும் லா?”

பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லி அலுத்துப்போன பதிலை அவள் மறுபடி ஆரம்பித்தாள். “எழுத்து தானா வரும்ண்ணே. இப்ப அவங்களாவே ஒரு விளையாட்டை யோசிச்சு, பேசி, ஆள் பிரிச்சு...”

உள்ளே பெரிய கூச்சல். புவனேஸ்வரன் எட்டிப் பார்த்தார்.

நாற்காலியில் ஏறி நின்று, காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பதுபோல் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் கடைக்கார ஷஹாபுதீன் மகள் ஃபாத்தின். “ஏய், லேட்டு! உனக்கு இன்னிக்கு வேலை கிடையாது. லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போ!”

தினமும் காலையில் அவர் போடுகிற அதே சத்தம். எதிரே வரிசையில், முதுகில் பிளாஸ்டிக் கூடையோடு தலைகுனிந்து நின்றான் அவர் மகன் மகேன்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நல்லா இருக்கு டீச்சர்! கடைக்காரர் மக கங்காணி, கங்காணி மகன் கூலியா?”

“நான் சொல்லலண்ணே. அவனேதான்...”

“அந்த வரிசையில நின்னு நின்னே எங்கப்பா செத்தாரு. அதைவிட்டு வெளிய வர எனக்குப் பாதி வயசு போயிடுச்சு. இவன் விளையாட்டுக்குக்கூட அதுல நிக்கக்கூடாது. நாற்காலியில ஏத்துங்க!”

“பிள்ளைங்க அவனைத்தான் முதல்ல ஏத்தினாங்க. போன வாரத்திலருந்து மாட்டேன்னு இறங்கிடுறான். ஏன்னு எனக்கும் தெரியல. நீங்களே கேளுங்க.”

“டேய் மகேன்! இங்க வா!”

கூடையோடு ஓடி வந்தான். “சீக்கிரம் சொல்லுங்கப்பா, தேத்தண்ணி நேரம் வரப்போகுது.”

“நீ ஏன்டா கூலியா நிக்கிற?”

“கங்காணியா இருந்தா கூப்பிட முடியாதுப்பா.”

“யாரை?”

“கங்காணியை.”

“என்னடா உளர்ற?”

“அன்னைக்கு டீச்சரோட பூச்சி பார்க்கத் தேயிலை மலைக்கு வந்தோம்ல? அப்ப ஆளுங்க எல்லாம் வட்டமா உக்காந்து சிரிச்சுக்கிட்டே தேத்தண்ணி குடிச்சாங்க. நீங்க மட்டும் லோரிகிட்ட தனியா நின்னு குடிச்சீங்க. உங்களை யாருமே கூப்பிடல.”

புவனேஸ்வரன் டீச்சரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

“ரெஸ்டு!” என்று கத்திவிட்டு நாற்காலியிலிருந்து குதித்து, ஓரமாகத் தனியே போய் நின்றாள் ஃபாத்தின்.

“போறேன்ப்பா!” மகேன் பறந்தான். போகிறபோதே அவன் குரல் கேட்டது.

“கங்காணி! அங்க தனியா நிக்காதீங்க. வாங்க, எங்ககூட உக்காருங்க!”