தண்ணீருக்கடியில் சாலை

பாரிஸிலிருந்து கம்பளிக் கோட்டோடு சொந்த ஊருக்கு வந்திருக்கும் ரோழேயும் அவன் மனைவி எலேனும் வரிச்சிக்குடி சாலையில், கார்த்திகை மழையில் தொப்பலாக நனைந்து நிற்கிறார்கள். பஸ் இதற்கு மேல் போகாது. எதிரே சாலை எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் ஒரே பழுப்புத் தண்ணீர். அவர்களோடு இறங்கிய உள்ளூர்க்காரி அஞ்சுகம் அவர்கள் பெட்டியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறாள். "சப்பாத்தக் கழட்டிடுங்க. நான் கால் வச்ச எடத்துலயே வைங்க." எலேன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறாள். மதகருகே தண்ணீர் சுழித்து இரைகிறது. அஞ்சுகம் பாதத்தால் தாரின் விளிம்பைத் தடவி, நிமிர்ந்து நடக்கிறாள். தொடையளவுத் தண்ணீர் மெல்ல முழங்காலுக்கு இறங்குகிறது. ரோழேக்கு இப்போதுதான் மூச்சு வருகிறது. "ரோடு எங்க இருக்குன்னு எப்படிம்மா தெரியுது?" அஞ்சுகம் திரும்பவில்லை. "இந்த ரோட்டுக்குக் கல்லு சுமந்தவ நாந்தாங்க."