சாம்பலியின் வால்

பெட்டியைப் பிரித்த ஜெர்வின் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே இருந்த பொம்மைக்கு வால் இல்லை.

அடுத்த பெட்டியைப் பிரித்தான். அதிலும் இல்லை. ‘இரண்டாம் பாகம்’ என்று புது லேபிள் ஒட்டிய அறுபது பெட்டியிலும் இதே கதி. தானாக ஒடிந்து விழுந்திருந்தால்கூட மனசு ஆறும். ஒவ்வொன்றையும் பிளேடால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, வெட்டிய இடத்தில் பெயிண்டும் அடித்திருந்தது. பக்கத்தில் முதல் பாகப் பெட்டிகள் முழு வாலோடு பத்திரமாக இருந்தன.

சாம்பலி, ஜப்பான் பாணி கார்ட்டூனான அனிமேயில் ஜெர்வின் உருவாக்கிய நாயகி. செண்பகத்தோப்புக் காட்டைக் காக்கிற மலையணில் வீராங்கனை. ராஜபாளையத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து மூன்று வருஷமாக அவள் கதையை, பாகத்துக்குப் பத்துக் கதையாக வரைந்து இணையத்தில் போடுகிறான். பொம்மையும் அவனே வார்க்கிறான். அந்த வாலை அசைத்து வரையவே கதைக்கு நாலு நாள் போய்விடுகிறது என்று ஒரு காலத்தில் புலம்பாத நாள் கிடையாது. இப்போது அந்தத் தொல்லை விட்டது.

கதையை யார் பார்த்தார்கள்? முந்நூறு பேர் பார்த்ததாக இணையம் காட்டும். பாதியிலேயே ஓடியிருப்பார்கள் என்பது அவன் எண்ணம். பொம்மையாவது போகும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் கடை வைத்திருக்கும் கௌதம்ராஜிடம் கொடுத்தால், போன மாதம் இரண்டாம் பாகம் அத்தனையும் திரும்பி வந்தது. “வாலப் பாத்துட்டுத் திருப்பிக் குடுக்காக தம்பி” என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வால் ஆடுகிறதாக்கும் என்று, ஜெர்வின் இந்தத் தடவை இரட்டைப் பசை போட்டு ஒட்டினான்.

இதுவும் திரும்பி வந்தால் சாம்பலிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஜப்பான்காரன் பொம்மையைப் பார்த்துக் கீ செயின் செய்து பிழைக்க வேண்டியதுதான். இன்னும் அரை மணியில் கௌதம்ராஜ் சரக்கு எடுக்க வருகிறார்.

“முனீஸ்வரி!”

செட்டியார்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து பெயிண்ட் அடித்து, பெட்டி கட்டுகிறவள் முனீஸ்வரி. நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அழுது வீங்கின கண்ணோடு வந்தாள். வீட்டில் சண்டையாக்கும் என்று அவனும் கேட்கவில்லை. இன்றைக்குக் காதில் இருந்த இயர்போனைக் கழற்றிக்கொண்டே வந்து நின்றாள்.

“வால அறுத்தது யாரு?”

“நாந்தாண்ணே.” கொஞ்சமாவது பயம் இருக்க வேண்டுமே, கிடையாது.

“அறுபதையுமா? ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? வாலெல்லாம் எங்க? எடு, ஒட்டித் தொலைவோம்.”

“டின்னுல கெடக்கு. ஆனா ஒட்டக் கூடாதுண்ணே.”

“கூடாதா? இங்க மொதலாளி நீயா, நானா?”

“அண்ணே, அது வந்து பதினோராவது...”

“பேசாத! எப்பப் பாத்தாலும் போன நோண்டிக்கிட்டு என்னத்தையோ பாக்க வேண்டியது. ஒன்னயச் சொல்லிக் குத்தமில்ல, வேலைக்கு வச்ச என்னயச் சொல்லணும். நாளையிலருந்து வராத!”

அவள் கண் கலங்கியது. ஆனாலும் நகரவில்லை. “கடைக்காரவிய வரட்டும், பொறவு போறேன்” என்று சுவரோரம் நின்றுகொண்டாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெர்வின் அவசரமாகப் பெட்டிகள்மேல் சாக்கை இழுத்து மூடினான். மாதிரிக்கு மேஜையில் வைத்திருந்த, வாலுள்ள பொம்மையை எடுத்து கௌதம்ராஜ் கையில் கொடுத்தான்.

அவர் முகம் சுருங்கியது. “என்ன தம்பி, மறுபடியும் இதையே நீட்டுறீக? இதத்தான திருப்பி அனுப்புனேன்?”

“இல்ல அண்ணாச்சி, ரெட்டைப் பசை போட்டுருக்கேன். இழுத்துப் பாருங்க. இனிமே சென்மத்துக்கும் விழாது.”

“விழுதுன்னு யாருய்யா சொன்னா? வால் இருக்குன்னுல்ல காலேஜுப் பிள்ளைக சண்டைக்கு வருதுக! நான் ஏமாத்துறேனாம்.”

ஜெர்வினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முனீஸ்வரி நேரே வந்து சாக்கை விலக்கினாள். ஒரு பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை அவரிடம் நீட்டினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று ஜெர்வின் தலையில் கையை வைத்தான்.

கௌதம்ராஜ் பொம்மையைத் திருப்பிப் பார்த்தார். வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவினார்.

“இதுதான்யா சாம்பலி! எம்புட்டு இருக்கு? அறுபதுதானா? பத்தாதே! இன்னும் நூறு போடுங்க” என்றவர், தானே நாலு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

ஜெர்வின் மிச்சப் பெட்டிகளைப் பார்த்தான். மெல்ல முனீஸ்வரி பக்கம் திரும்பினான்.

“ஏன் முனீஸ்வரி... வால எதுக்கு...”

நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் அவள் குரலில் வந்தது.

“பதினோராவது கதையில அத வெட்டுனது நீங்கதானண்ணே?”