வயிற்றுவலிக்காரி

"எலும்பு ஒடியுற சத்தம் பிரமாதம். ரத்தம் இன்னும் கொஞ்சம் தாராளமா தெறிக்கலாம். ஆனா அந்தச் சூறாவளியை மட்டும் மாத்துங்க, கால்ல விழுந்து கேக்கிறேன்!"

ஆட்டக்காரர் ஒருவர் எழுதியிருந்ததைக் கணினித் திரையிலிருந்து படித்துவிட்டு இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளிகளோடு நின்றிருந்தாள், சண்டைக் காட்சிகளில் நடிப்பவள். வீடியோ கேம் நிறுவனத்தின் படப்பிடிப்புக் கூடம் அது. சுற்றிலும் கேமராக்கள். இவள் குத்தினால் கேமுக்குள் சூறாவளி குத்துவாள். இவள் விழுந்தால் அவளும் விழுவாள். போன வருடம் வெளிவந்த முதல் பாகத்தில், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் தினமும் ஒருவரையொருவர் அடித்துத் துவைத்துச் சந்தோஷமாகத் தூங்கப் போனார்கள். இப்போது இரண்டாம் பாகம்.

"இன்னொருத்தர் எழுதியிருக்கார், கேளுங்க. 'உதைக்க வந்தா போதும், சூறாவளி இடது கையை வயித்துக்குக் கொண்டுபோயிடுறா. மூஞ்சி திறந்து கிடக்கு. ஒரே குத்து, ஆட்டம் காலி.' பட்டப்பெயர் வேற வச்சிருக்கார். வயித்துவலிக்காரியாம். இப்ப ஊரெல்லாம் அந்தப் பேருதான்."

ஓரமாகக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்த மலை களுக்கென்று சிரித்துவிட்டார். எதிரியாக நடிப்பவர் அவர். ஆளின் அளவைப் பார்த்து வைத்த பெயர். மற்றபடி ஒரு கொசுவை அடிக்கவும் நாலு தடவை யோசிப்பவர்.

"சிரிங்கண்ணே, நல்லா சிரிங்க" என்றாள்.

அவளுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. பயிற்சிக்கூடத்தில் 'கையை முகத்துக்கு ஏத்து' என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள் அவள். அவளுக்கே இந்தப் பெயர் என்றால் நாளைக்கு எந்த மாணவி மதிப்பாள்?

"முதல் பாகம் எடுத்தப்ப ஏன் அப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியல சார். அதுக்கு முன்னாடியும் அப்படி நின்னதில்ல, பின்னாடியும் நின்னதில்ல."

"எனக்குத் தெரியாதா? போன மாசம் ஒத்திகையிலகூடக் கோட்டைச் சுவர் மாதிரி நின்னீங்க. ஆனா மேல இருக்கிறவங்க ஆட்டக்காரங்க சொல்றதைத்தான் கேப்பாங்க. இன்னைக்குச் சரியா வரலைன்னா..." இயக்குநர் முடிக்காமல் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். வெளியே நாற்காலியில் ஒரு புதுப்பெண் அதே கறுப்பு உடையில் காத்திருந்தாள்.

சூறாவளியை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுப்பதா? நடக்கிற காரியமா? காலையில் மகளை அழ அழ விட்டுவிட்டு வந்தது அதற்கா?

"வரும் சார். ஆரம்பிங்க."

மலை பாய்ந்து வந்து உதைத்தார். கால் அவளைத் தொடாமல் ஒரு சாண் முன்பாகவே நின்றது. அவளுடைய இடது கை நேராக வயிற்றுக்கு இறங்கியது.

"கட்!"

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் கை இறங்கியது.

"ஏம்மா, என்னைப் பார்த்து பயமா?" என்றார் மலை.

"உங்களைப் பார்த்தா? போங்கண்ணே, உங்க வீட்டுப் பூனையே உங்களுக்குப் பயப்படாது."

"அப்ப இடது கையுறை நாடாவைப் பல்லுல கடிச்சுக்கோ. கை எங்க போகுதுன்னு பார்த்துடுவோம்."

கடித்துக்கொண்டாள். உதை வந்தது. நாடா பல்லிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொள்ள, கை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சமர்த்தாகப் போய்ச் சேர்ந்தது.

இயக்குநர் தலையில் கை வைத்தார். மலைகூடச் சிரிக்கவில்லை.

அவள் அசையாமல் நின்று தன் இடது கையையே பார்த்தாள், யாருடைய கையையோ பார்ப்பதுபோல. பிறகு மெதுவாகக் கையுறைகளைக் கழற்றினாள்.

"சார், அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க."

"அவசரப்படாதீங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. இன்னும் ரெண்டு தடவை..."

"வேணாம் சார். இனி ஒரு உதைகூட வேணாம்."

புதுப்பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். "அக்கா, நான் கேட்டு வாங்கல. கூப்பிட்டாங்க, வந்தேன்..."

"அட, எனக்கு ஒண்ணும் கோபமில்ல. இந்தா, பிடி. கையை மட்டும் இறக்கிடாதே, உனக்கும் பேர் வச்சிடுவாங்க" என்று கையுறைகளைக் கொடுத்துவிட்டுச் சிரித்தபடியே வெளியேறினாள். பாவம், துக்கத்தை முழுங்கிக்கொண்டு எப்படிச் சிரிக்கிறாள் என்று மலைக்குக் கண் கலங்கிவிட்டது.

நடைபாதையில் நின்று கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்னாச்சு? கை சரியா நின்னுச்சா?"

"நிக்கலங்க. சூறாவளி கைவிட்டுப் போயிட்டா."

மறுமுனையில் மகள் "அம்மா, அம்மா" என்று போனைப் பிடுங்கப் பார்த்தாள்.

"போனா போகட்டும், விடு" என்றான் கணவன். "நீ மனசைத் தளர விடாதே. அவனுங்களுக்கு என்ன தெரியும்?"

"அவங்க சொன்னதெல்லாம் சரிதாங்க. நான்தான் கவனிக்கல." இடது கை இன்னும் வயிற்றின் மேலேயே இருந்தது. "பாப்பாவைத் தூக்கிக்கிட்டு மருந்துக்கடைக்குப் போய் ஒரு பிரெக்னன்சி கிட் வாங்கி வைங்க. முதல் பாகம் எடுத்து முடிச்ச அடுத்த வாரம்தானே பாப்பா வர்றது நமக்கே தெரிஞ்சுது? அப்பவும் நமக்கு முன்னாடி இந்தக் கைக்குத்தான் தெரிஞ்சிருக்கு!"