மண்டி மேசைப் பல்பு

செஞ்சி கடைவீதியில் புஷ்பதந்தன் நயினாருக்கு மணிலாக்கொட்டை மண்டி. பின்கட்டில் வீடு. ஜைனர் வீடு என்பதால் இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். பொழுது சாயும்முன் அவர் மனைவி மருதேவி அவரைச் சாப்பிடக் கூப்பிட அடுக்களையில் பொத்தானை அழுத்துவாள். மண்டி மேசையில் பேட்டரி பல்பு எரியும்.

பக்கத்து எண்ணெய் மில் மோட்டார் ஓடினால் அந்தப் பல்பு தானாகவும் மினுக்கும்.

"பல்பு வயரு கரண்ட் வயரோட ஒட்டிக்கினு போவுது நயினாரே. ஒரு முழம் தள்ளிப் போட்டா சரியாயிடும்" என்றார் வயர்மேன் பெரியதம்பி.

"சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்."

அறுபத்தாறாம் வருஷம் மாசியில் ஒரு மத்தியானம் பல்பு விட்டுவிட்டு எரிந்தது. மில்தான் ஓடுகிறது என்று நயினார் மூட்டைகளை எடைபோட்டார். மாலையில் உள்ளே போனபோது மருதேவி பொத்தானுக்குக் கீழே கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

காரியம் முடிந்ததும் பெரியதம்பி வயரை ஒரு முழம் தள்ளிப் போட்டார். அதன்பின் மில் ஓடினாலும் பல்பு மினுக்கவில்லை. பொழுது சாயும்முன் மட்டும் எரிந்தது. பெரியதம்பி பேட்டரியைக் கழற்றினார், வயரையும் அறுத்தெடுத்தார். மறுநாளும் எரிந்தது.

"இன்னா நயினாரே இது?"

நயினார் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "தோ, வந்துட்டேன்" என்று பின்கட்டைப் பார்த்துச் சொன்னார். அவர் அடுக்களைக்குள் கால் வைத்ததும் மேசைப் பல்பு அணைந்தது.