ஒரு கொத்துச் சவுக்காரம்

தோப்பூரில் நஜ்முன் நிஸா சவுக்கார அச்சுப் பெட்டிக்குள் அரிசியைக் கொட்டி அளந்து பார்த்தாள்.

"எட்டுக் கொத்துப் பிடிக்குது. எட்டுக் கொத்துக்கும் சவுக்காரம் காய்ச்சவா?"

"ஒரு கொத்துக் காணும்," என்றான் கணவன் கலீல்.

"பெட்டி நிரம்பாதே!"

"நிரம்பும்."

மறுநாள் பஸ்ஸில் திருகோணமலைக்குப் போகும் வழியில், அரிசி கடத்துவோரைப் பிடிக்கும் சாவடியில், பொலிஸ்காரர் பெட்டியை மணந்து பார்த்தார்.

"சவுக்காரமா? கடைகளில மருந்துக்கும் இல்லை. குளிக்க ஒரு துண்டு வெட்டித் தாங்க."

"இப்ப வெட்ட ஏலாது, ஐயா. இன்னும் ஒரு மாதம் காயணும்," என்றான் கலீல்.

"அப்ப பெட்டியோட வச்சிட்டுப் போங்க. நான் காயவைக்கிறன்."

பெட்டி சாவடியில் கிடக்க, பஸ் புறப்பட்டதும் நிஸா அவன் காதுக்குள் சொன்னாள்: "அவர் வெட்டினா உள்ளுக்க இருக்கிற ஏழு கொத்து அரிசியும் கொட்டுமே!"

"அதுக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கு."